பழனி மலையில் நாம் விரும்பும் நில அமைப்புப் பணிகள்

ஊருக்கு ஒரு பூங்கா வேண்டும், கண்மாய்க் கரையில் ஒரு நடைபாதை வேண்டும், பள்ளிக்கூடத்தைச் சுற்றி நிழல் மரங்கள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றாத பஞ்சாயத்தை இன்று காண்பது அரிது. அதற்கான பணமும் ஏதேனும் ஒரு திட்டத்தின்கீழ் கிடைத்துவிடுகிறது. திறப்பு விழாவும் சிறப்பாக நடந்தேறுகிறது. இரண்டு மழைக்காலம் கழிந்த பின்னர் அவ்விடத்துக்குச் சென்று பார்ப்பவர் மட்டும் சிலரே.

நாம் அவ்வாறு சென்று பார்த்த ஓர் ஊரில், பூங்காவின் பாதி மண்ணைக் காணோம். புல்தரை இருந்த இடத்தில் ஓர் ஆள் இறங்கி நிற்கத்தக்க பள்ளம் விழுந்திருந்தது. சிமெண்டினால் செய்த மான் ஒன்று அப்பள்ளத்தில் தலைகுப்புறக் கிடந்தது. விசாரித்தபோது, அருகிலுள்ள குளம் நிரம்பினால் மிகுதி நீர் அவ்வழியாகத்தான் ஓடையைச் சென்று சேரும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறினார். "எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை ஐயா" என்பதையும் அவர் சேர்த்துக் கூறினார். செலவிட்ட தொகை பெரிது. கேட்க மறந்த கேள்வியோ மிகச் சிறிது. மழை பெய்தால் இந்த நிலத்தில் நீர் எவ்வழி ஓடும் என்பதே அது.

நிலத்தை அழகும் பயனும் ஒருங்கே தரும்படி ஒழுங்குபடுத்தும் தொழிலை இந்நாளில் நில எழிலமைப்பு என்று வழங்குகின்றனர். இதைக் கல்லூரிகளில் தனிப் பாடமாகவே கற்பிக்கின்றனர். பூச்செடி நடுவதும், வளைந்த பாதை போடுவதும், நீரூற்று அமைப்பதுமே இதன் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அவை எல்லாம் பிற்பாடு வருபவை. முதலில் நீருக்கு வழி சொல்ல வேண்டும். அடுத்து மண்ணை நிறுத்த வேண்டும். அதன் பின்னரே கண்ணுக்கு விருந்து. இதை நேரில் கண்டு தெளிய விரும்பும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் நாம் பழனி மலையையே காட்டுவோம். சமவெளியில் ஒரு பிழை வெளிப்படப் பத்தாண்டுகள் ஆகலாம். மலைச்சரிவில் அது ஐப்பசி மாதத்து ஒரே மழையில் வெளிப்பட்டுவிடும். ஆகவே அங்கே நெடுங்காலம் நிலைத்து நிற்கும் பணி எதுவாயினும் அதனிடம் கற்பதற்கு ஏதோ ஒன்று உண்டு.

மற்றொரு காரணமும் உண்டு. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, மஞ்சளாறு, மருதாநதி ஆகிய அணைகள் எல்லாம் இம்மலையின் நீரை நம்பியே நிற்கின்றன. வடக்கே இறங்கும் நீர் அமராவதியையும், தெற்கே இறங்கும் நீர் வையையையும் நாடுகிறது. பழனி வட்டாரத்து நெல்வயலும், பெரியகுளத்து மாந்தோப்பும், வத்தலக்குண்டுப் பக்கத்துத் தென்னையும், மேலே ஏழாயிரம் அடி உயரத்தில் நிலத்தை யார் எவ்விதம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வாழ்கின்றன.

ஏரியும் அதைச் சுற்றியுள்ளவையும்

கொடைக்கானலுக்குச் செல்வோர் முதலில் காண்பது ஏரியை. அது இயற்கையாக அமைந்தது என்று எண்ணுவோர் பலர். மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் என்பவர் 1863ஆம் ஆண்டில், ஓடைகள் கூடும் ஒரு பள்ளத்தாக்கின் வாயில் அணை எழுப்பி அதை உண்டாக்கினார். பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். அதன் கரை ஒழுங்கான வட்டமாகவோ சதுரமாகவோ இல்லாமல், நட்சத்திரத்தைப் போலப் பல கிளைகளாக உள்ளே புகுந்து செல்கிறது. இவ்வடிவத்தை எவரும் வரைபடத்தில் வரைந்து வெட்டவில்லை. நீரை நிறுத்தினார்கள், பள்ளத்தாக்கின் மடிப்புகள் தாமே கரையாயின. ஒரே ஓர் இடத்தில் கட்டி, மற்ற இடமெல்லாம் நிலத்தின் போக்குக்கு விட்டுவிட்டமையே இப்பணியின் மேன்மை என்பது நம் கருத்து. நம் முன்னோர் கண்மாய்களுக்குக் கரை எடுத்ததும் இம்முறையிலேதான். ஆதலின் லெவிஞ்ச் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று நாம் வியக்க வேண்டியதில்லை.

அழகிய ஏரிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அழகைக் கண்டு வருவோர் பெருகுவர். அவர்கள் பொருட்டு விடுதிகள் பெருகும். விடுதிகளின் கழிவு நீர் தாழ்வான இடத்தையே நாடும். கொடைக்கானல் ஏரியில் கழிவு நீர் கலப்பதும், நீர்த் தாவரங்கள் மண்டுவதும், வண்டல் படிவதும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் குறைகள். ஏரியைச் சுற்றி வேலியும் விளக்கும் அமைப்பதைக் காட்டிலும், ஏரிக்கு வரும் ஓடைகள் ஒவ்வொன்றின் வாயிலும் வண்டலை நிறுத்துவது முதன்மையான வேலை என்பதை ஊர்க்குளம் வைத்திருக்கும் எவரும் அறிவர். கூட்டம் மிகுந்தமையால், 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வாகனங்களுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு முறையே கொண்டுவரப்பட்டது.

ஏரிக்குக் கிழக்கே பிரையண்ட் பூங்கா உள்ளது. மதுரையிலிருந்து வந்த வன அதிகாரி பிரையண்ட் 1908இல் இதற்குத் திட்டமிட்டார். பரப்பு ஏறத்தாழ 20 ஏக்கர். இன்று இது தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ளது. மே மாதத்து மலர்க் கண்காட்சியின்போது நிற்கவும் இடம் இராது. நாம் கூட்டம் இல்லாத நாளில், மழை விட்ட மறுகணம் அங்கே சென்று பார்ப்பதையே விரும்புவோம். பூக்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். பாத்திகளின் விளிம்பையும், பாதையோரத்து வாய்க்காலையும், அதில் ஓடும் நீர் கலங்கலா தெளிவா என்பதையும் உற்று நோக்குவோர் குறைவு. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு எந்த ரோஜா வேண்டும் என்று அங்கே குறிப்பெடுப்பதில் பயனில்லை. அந்த ரோஜா சமவெளியின் சித்திரை வெயிலைத் தாங்காது.

கோக்கர் நடைபாதையைப் பற்றி ஒரு சொல் போதும். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலையின் தென்புறச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் இதை அமைத்தார். நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய கச்சையைப் போல அது செல்கிறது. பாதை ஏறி இறங்காமல் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் சென்றால் முதியவரும் நடக்கலாம். மழைநீரும் அதையே ஓடையாக்கிக்கொண்டு பாயாது. குன்றின்மேல் கோயில் உள்ள ஊர்களில் புதுப்பாதை வெட்டுவோர் இதை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வெட்டலாம்.

உழவர் செய்த எழில்

மேலே கூறியவை எல்லாம் அதிகாரிகள் செய்தவை. நம்மைப் பெரிதும் கவர்ந்தவற்றில் இரண்டு, பெயர் தெரியாத உழவர்கள் செய்தவை.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் பூம்பாறைக் கிராமம் வருகிறது. சாலையின் வளைவில் நின்று கீழே நோக்கினால், நடுவில் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் நெருங்கிய ஊர்; சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். வெள்ளைப் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் என்று ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பச்சை. இவ்வட்டாரத்துப் பூண்டு 2019இல் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று புவிசார் குறியீடு பெற்றது. வண்டியை நிறுத்திப் படம் பிடிக்காமல் செல்லும் பிரயாணி இல்லை. அவர்கள் படம் பிடிப்பது ஓர் உழவு முறையை என்பதை எத்தனை பேர் அறிவர் என்பது வேறு செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டில் இபுகாவோ மலைவாசிகள் அமைத்த படிவயல்களை 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். நம் மலையின் படிவயல்களுக்கு அத்தகைய பட்டயம் இல்லை. அவற்றின் இயல்போ அதுவே.

படிவயலின் கணக்கை இங்கே சற்று விரிவாகக் கூறுவோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர். சரிவில் அந்நீர் ஓடத் தொடங்கினால், ஓடும் தூரம் கூடக் கூட வேகமும் கூடும். வேகம் கூடியதும் மேல் மண்ணைத் தூக்கிக்கொள்ளும். படி என்பது அந்தத் தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது. பத்தடி ஓடியதும் நீர் ஒரு மட்டத்தில் நின்று மூச்சு வாங்குகிறது. நின்ற நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. எஞ்சியது மெல்ல நடந்து போகிறது.

மழை மிகுந்த மலையில் படி வெளிப்புறம் சரிந்திருத்தல் ஆகாது. மலையை நோக்கி உட்புறமாகச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். உள்விளிம்பில் சிறு வாய்க்கால் ஒன்று, நூறடிக்கு ஓரடி வீதம் பக்கவாட்டில் இறங்கி, கல் பாவிய ஓடையில் சேர வேண்டும். வெளிவிளிம்பில் வெட்டிவேரோ எலுமிச்சைப் புல்லோ நெருக்கமாக நட்டால், அதன் வேர் சுவராக நின்று மண்ணைக் காக்கும். கல் கிடைக்கும் இடத்தில் சாந்து பூசாத கல்கட்டே சிறந்தது. நீர் இடுக்கு வழியே கசிந்து வெளியேறிவிடும். சிமெண்டுச் சுவர் எழுப்பி, நீர் வழிவதற்குத் துளைகள் வைக்க மறந்தால், சுவருக்குப் பின்னே நீர் தேங்கி, அந்த எடையே சுவரைத் தள்ளிவிடும். மலைச்சாலைகளில் சரிந்து கிடக்கும் பல சுவர்களுக்கு இதுவே காரணம். நூறடி தூரத்தில் முப்பத்து மூன்று அடிக்கு மேல் இறங்கும் சரிவில் படி வெட்டவே கூடாது என்பது மண் பாதுகாப்பு நிபுணர்களின் விதி. அதை மரத்துக்கும் புல்லுக்கும் விட்டுவிட வேண்டும். மண் தோண்டும் இயந்திரம் ஒரே நாளில் எந்தச் சரிவையும் வெட்டித் தரும். அது வெட்டலாமா என்று யோசிக்காது.

சரி, மட்டத்தை எவ்வாறு கண்டறிவது? விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஏழடி நீளமுள்ள இரண்டு கழிகளை நுனியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, நடுவில் குறுக்காக மூன்றாவது கழியைக் கட்டுக. நுனியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுக. இரண்டு முளைகளை அடித்து, அவற்றின்மேல் இக்கால்களை வைத்து, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு இடுக. பின்னர்க் கால்களை முளை மாற்றி வைத்து, கயிறு தொடும் இடத்தில் இரண்டாவது கோடு இடுக. இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவே உள்ள புள்ளிதான் மட்டப்புள்ளி. இனி இக்கருவியை மலைச்சரிவில் காலடி எடுத்து வைப்பதுபோல ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றிக்கொண்டே செல்லலாம். கயிறு நடுப்புள்ளியில் நிற்கும் இடமெல்லாம் ஒரே உயரம். அங்கங்கே முளை அடித்துக்கொண்டே போனால், மலையின் இடுப்பில் ஒரு கோடு தானே விழும். அக்கோடு வளையும், நேராக இராது. அதை நேராக்க ஆசைப்படுவோர் உண்டு. அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் அடுத்த மழையில் வரப்பு உடையும். பூங்காவின் நடைபாதைக்கும், பள்ளி மைதானத்து ஓரத்துக்கும், மானாவாரிக் காட்டின் சம உயர வரப்புக்கும் இதே மூன்று கழியும் ஒரு கயிறும் போதும்.

இனி மற்றொன்று. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கங்களில் காப்பித் தோட்டங்கள் உள்ளன. முன்பின் அறியாதவர் அவற்றைக் காடு என்றே கருதுவர். மேலே நெடிய நிழல் மரங்கள். அவற்றைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி. இடையில் ஆரஞ்சும் மலை வாழையும். அவற்றின் கீழே காப்பிச் செடி. தரையில் ஒரு சாண் சருகு. மழைத்துளி ஐந்து இடங்களில் தங்கித் தங்கிக் கீழே வருகிறது; தரையைத் தொடும்போது அதற்கு வன்மை இல்லை. இலைப்போர்வையின்மேல் விழுந்து, ஓசையின்றி உள்ளே செல்கிறது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு விளைபொருள் கைக்கு வருகிறது. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி வாழை இம்மலைக்கே உரியது. முடிக்கொத்து நோயால் அது பெரிதும் அழிந்துபோன காலமும் உண்டு. அந்நாளில் வாழையை மட்டுமே நம்பியவர் நொந்தனர். பல பயிரும் கலந்து வைத்தவருக்குக் கைக்கு ஏதோ ஒன்று எஞ்சியது. எழிலும் வருவாயும் பாதுகாப்பும் ஒரே தோட்டத்தில் அமைந்த இவ்வுதாரணத்துக்கு எந்த நிபுணரும் வரைபடம் வரைந்து தரவில்லை.

புல்லும் சோலையும்

இவற்றையெல்லாம்விட நம் மனத்துக்கு மிக நெருக்கமான பணி, பார்ப்பதற்குப் பணியாகவே தோன்றாத ஒன்று. அதை விளங்கிக்கொள்ள, மலையின் பழைய தோற்றத்தை முதலில் அறிய வேண்டும்.

மேல்மலையின் உச்சிகளிலும் முதுகுகளிலும் முன்பு புல்வெளியே விரிந்திருந்தது. இரண்டு சரிவுகள் கூடும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலைகள் இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நீர்த்தேக்கமாக வேலை செய்தன. புல்லின் அடர்ந்த வேர்கள் மழையைப் பருகி மண்ணுக்குள் இறக்கும். அது மெல்லக் கசிந்து சோலைக்கு வரும். சோலையின் சருகும் பாசியும் அதைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஓடைக்குத் தரும். மழை நின்று பல மாதம் கழிந்தும் ஓடை வற்றாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இப்புல்வெளியின் செல்வமே. கடைசியாக அது பெருவாரியாகப் பூத்தது 2018இல். இலங்கையின் இராமநாதன் குடும்பத்து அம்மையார் லீலாவதி 1936இல் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் அப்பூவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறது என்று பிற்காலத்தில் கருதினார்கள். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், கூழுக்காகவும் விறகுக்காகவும் யூகலிப்டஸும், பைனும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது முன்னேற்றமாகவே கருதப்பட்டது. நாமும் அந்நாளில் எழுதியிருந்தால் அதைப் பாராட்டியே எழுதியிருப்போம். 1973 முதல் 2014 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று 2018இல் வெளியிட்டனர். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீப்பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ ஒரே சமயத்தில் முளைத்தெழும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டால் போதாதா? இக்கேள்வியில்தான் நில அமைப்புத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் தங்கி உழைத்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்னும் இருவர் பாம்பார்ச் சோலையையும் சுற்றுப்புறத்தையும் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தனர். அவர்கள் தொடங்கிய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை சோலை மரங்களின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்தது. அழிந்துபோயிற்று என்று எண்ணத்தக்க நிலையில் இருந்த எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி என்னும் மரத்தைப் பாம்பார்ச் சோலையில் மீண்டும் கண்டவர்களும் இவர்களே. அவர்கள் கண்ட செய்தி ஒன்று பலரை வியக்கவைத்தது. பழைய வாட்டில் தோப்பின் நிழலிலும், யூகலிப்டஸ், பைன் ஆகியவற்றின் கீழும் சோலை மரக் கன்றுகள் தாமே முளைத்து வளர்ந்துகொண்டிருந்தன. பறவைகள் விதையைக் கொணர்ந்தன. அந்நிய மரம் செவிலித்தாயாகி நிழல் தந்தது. அத்தகைய தோப்பை ஒரேயடியாக வெட்டினால் கன்றுகள் வெயிலில் மாய்ந்துபோகும். உறங்கும் வாட்டில் விதைகள் வெளிச்சம் கண்டு விழித்தெழும். ஆகவே சோலை திரும்பும் மடிப்புகளில் வெட்டாமல் காத்திருப்பதும், புல் இன்னும் எஞ்சியுள்ள வெளிகளில் புகும் வாட்டில் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குவதுமே தக்கது என்பது அவர்களது அநுபவம். புல்லையும் நாற்றைப்போலத் தூர் தூராகப் பிரித்து வளர்த்து, வெறுமையான சரிவில் நட்டார்கள். புல் நடுவது வேலையா என்று முதலில் சிரித்தவர்களும் இருந்திருப்பர்.

இந்நெறிக்கு அடிப்படை போட்டவர்களையும் மறக்கலாகாது. செண்பகனூரில் 1895இல் தொடங்கிய இயேசு சபைக் கல்லூரியும், அங்குள்ள இயற்கை அறிவியல் பொருட்காட்சியும், 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பாதிரியார் மத்தேயுவும், 1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் ஆற்றிய தொண்டு பெரிது. எந்த மரம் இம்மலைக்கு உரியது என்று தெரியாமல் எதை நடுவது? அரசும் 2013இல் இப்பகுதியைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவது பற்றி மாநிலம் முழுவதற்கும் ஒரு கொள்கையை வெளியிட்டது. வாட்டில் அகற்றும் பணி நடைபெறுகிறது. வெட்டிய இடத்தை ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து களை எடுத்தாலன்றி அது முழுமையான பணியாகாது என்று நாம் துணிந்து கூறுவோம். வெட்டுவதற்கு ஒப்பந்தம் விடுவது எளிது. ஐந்தாம் ஆண்டில் கன்று பிடுங்குவதற்குப் பணம் கேட்டுப் பெறுவதே கடினம். மலைப் பஞ்சாயத்துகள் ஊரக வேலைத் திட்டங்களின் ஆட்களை வனத்துறையின் இசைவோடு இதற்கு அமர்த்த முடியுமா என்று கலந்து பேசலாம்.

மன்னவனூரில் இப்புல்வெளியின் ஒரு சாயலை இன்றும் காணலாம். செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சூழ்ந்த மேடுகளும், வனத்துறை பரிசல் விடும் ஏரியும் அங்கே உள்ளன. ஏரிக்கரையில் பெரிய கட்டடம் எதுவும் எழுப்பாமல் விட்டதை நாம் மிகவும் மெச்சுகிறோம். சில இடங்களில் செய்யாமல் விடுவதற்கும் துணிவு வேண்டியிருக்கிறது.

மலையடிவாரத்தில், பழனி நகரின் கிரி வீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் ஆக்கிரமிப்புகள் நீக்கப்பட்டு, 2024இல் வாகனங்கள் தடுக்கப்பட்டு, மலையை வலம் வருவோர் நடப்பதற்கென்றே அவ்வீதி விடப்பட்டது. புதிதாக எதையும் கட்டாமல், இருந்ததை நடப்போருக்குத் திருப்பித் தந்ததே இதன் சிறப்பு. கடை இழந்தவர்களின் வருத்தமும் மெய்யே. மாற்றிடம் ஏற்படுத்திய பின் இத்தகைய வேலைகளைத் தொடங்குவது பஞ்சாயத்துகளுக்கு நல்லது.

நாற்றங்கால் வைக்க விரும்பும் ஊர்களுக்குச் சில குறிப்புகள். உங்கள் ஊர்க் கோயில் காட்டிலோ ஓடைக்கரையிலோ உள்ள மரங்களின் விதைகளையே திரட்டுங்கள். பழம் கனிந்து பறவை உண்ணத் தொடங்கும் நாளே விதை எடுக்கத் தக்க நாள். சதைப்பற்றுள்ள பழங்களின் சதையை நீரில் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். காட்டு மரங்களில் பலவற்றின் விதை வைத்திருந்தால் உயிர் இழந்துவிடும். சோலை மரங்கள் மெல்லவே வளரும். பையில் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்த கன்றுதான் வெளியில் நிலைத்து நிற்கும். ஒரே ஆண்டில் பத்தாயிரம் கன்று நட்டோம் என்று அறிக்கை அனுப்ப விரைவோருக்கு இது ஏற்காது. மலையில் முதல் மழை மண்ணை நன்றாக நனைத்த பின்னும், சமவெளியில் ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவது முறை.

பாம்பார்ச் சோலையிலிருந்து இறங்கும் ஆறு, பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. பங்குனி மாதத்தில் அங்கே செல்பவர்கள் நீராடிவிட்டுத் திரும்புமுன், பாறையின்மேல் நீர் எவ்வளவு அகலத்துக்குப் பரவி விழுகிறது என்பதைச் சற்றே கவனித்து வாருங்கள். அடுத்த பங்குனியிலும் அதே இடத்தில் நின்று பாருங்கள்.